பேர் மாற்றிக் கொடுத்ததும் நீங்கள், பிடித்துக்கொண்டு போனதும் நீங்கள்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், காவல் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் டூவீலர் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை, இதே பட்டறை. திருட்டு வண்டி என்று தெரியாமல் வாங்கி, பேரும் மாற்றி, கடைசியில் வண்டியையும் பணத்தையும் இழந்த கதையைத்தான் எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டேஷனில் கேட்டால் "ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்க" என்கிறார்கள். அங்கே போனால் "இது போலீஸ் கேஸ், நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார்கள். ஒரே தாளில் இரண்டு பெயரையும் போட்டுவிட்டால் யாராவது ஒருவர் பதில் சொல்வீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

2023 ஜனவரியில் என் தங்கை வீட்டுக்காரருக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. நூல் மில்லில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடியும் நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. தங்கையின் வளையலை அடகு வைத்துப் பணம் புரட்டினார்கள். மச்சான் மெக்கானிக்காக இருக்கும்போது வேறு யாரைக் கூட்டிப் போவார்? பழைய வண்டி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங் கடைக்கு நான்தான் உடன் போனேன்.

வண்டி 100 சிசி ஸ்பிளெண்டர். ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டேன். சைலன்ஸரில் கை வைத்துப் புகை பார்த்தேன். ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, செயின் ஸ்பிராக்கெட்டில் பல் தேய்ந்திருக்கிறதா, ஹேண்டில் பார் ஒரு பக்கம் இழுக்கிறதா, எல்லாம் பார்த்தேன். "அடிபடாத வண்டி, எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்று சொன்னது நான். 43,000 ரூபாய். ஊரில் அந்த மாடலுக்கு நடந்த விலைதான், ஆயிரம்கூடக் குறைவில்லை. முப்பதாயிரம் ஜி-பேயில், மீதி கையில்.

காகிதம் ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரிஜினல் ஆர்.சி. அட்டை, நடப்பில் இருந்த இன்சூரன்ஸ், பேர் மாற்றுவதற்காக விற்றவர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்கள். வண்டி விவரம் காட்டும் அரசின் எம்-பரிவாகன் செயலியில் நம்பரைத் தட்டினோம். பெயர், மாடல், நிறம், எல்லாம் ஒத்துப்போனது. கடன் பாக்கி இல்லை என்றும் காட்டியது. அப்புறம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கட்டணம் கட்டி மாப்பிள்ளை பெயருக்கு மாற்றினோம். அன்றைக்கு வண்டி அலுவலக வாசலில் புங்க மரத்தடியில்தான் நின்றது. உள்ளிருந்து ஒருவர்கூட வெளியே வந்து அதைப் பார்க்கவில்லை. அரசாங்க முத்திரையோடு புது ஆர்.சி. கைக்கு வந்தது.

ஒன்றரை வருடம் ஓட்டினார். 2024 ஆகஸ்டில் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு மஃப்டியில் இரண்டு பேர் வந்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வண்டி கரூர் மாவட்டத்தில் 2022-இல் திருடுபோனதாம். பிடிபட்ட கும்பல் கொடுத்த பட்டியலில் இந்த வண்டியும் இருந்ததாம். மாப்பிள்ளை ஆர்.சி.யை நீட்டினார். "அதெல்லாம் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்று வண்டியையும் அவரையும் கூட்டிப்போய்விட்டார்கள். இரவு ஒன்பது மணி வரை அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வண்டியை எடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட அன்றைக்குத் தரவில்லை. நாலு நாள் அலைந்த பிறகுதான் பறிமுதல் பட்டியலின் நகல் கிடைத்தது.

இது எப்படி நடந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் ஒரு மெக்கானிக் சொல்லிக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

விபத்தில் நசுங்கி இனி ஓடாது என்றான ஒரு வண்டி இருக்கும். அதை இரும்பு விலைக்குப் போடுகிறார்கள். வாங்குகிறவன் இரும்புக்காக வாங்குவதில்லை, அதோடு வரும் ஆர்.சி.க்காக வாங்குகிறான். பிறகு அதே மாடல், அதே நிறத்தில் ஒரு வண்டியை எங்காவது திருடுகிறான். திருடிய வண்டியின் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் அரத்தால் தேய்த்து, செத்துப்போன வண்டியின் நம்பரைக் குத்துகிறான். மேலே கறுப்பு பெயிண்ட். வேலை முடிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வண்டி அழிந்துபோனாலோ நிரந்தரமாக உபயோகத்துக்கு ஆகாமல் போனாலோ உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. என் இருபத்திரண்டு வருடத்தில் டூவீலருக்கு அப்படிச் செய்த ஒரே ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. செய்யாதவரை யாரும் கேட்டதும் இல்லை. எங்கள் ஊரில் வண்டி சாகும், ஆர்.சி. சாகாது.

அதனால்தான் "வாங்கும் முன் ஆன்லைனில் சரிபாருங்கள்" என்று நீங்கள் சொல்லும் அறிவுரை எங்களுக்கு உதவவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் ஒரு வண்டி திருட்டுப் பதிவில் இருக்கிறதா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. நல்ல வசதி, நம்பரை மாற்றாத திருட்டு வண்டியை அது காட்டிக்கொடுக்கும். எங்கள் வண்டியில் குத்தியிருந்ததோ செத்த வண்டியின் நம்பர். அது எங்கேயும் திருடுபோகவில்லை. எத்தனை முறை தட்டிப் பார்த்தாலும் சுத்தமாகத்தான் காட்டும். உயிரோடு இருக்கும் வண்டியைக் கண்ணால் பார்த்தால்தான் பொய் தெரியும்.

கண்ணால் பார்த்த நானே கோட்டை விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் அது 2016 மாடல். வண்டியிலோ ஹெட்லைட் ஆன்-ஆஃப் சுவிட்ச் இல்லை. 2017 ஏப்ரல் 1 முதல்தான் டூவீலர்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதி வந்து, அந்த சுவிட்சையே எடுத்தார்கள். 2016 வண்டிக்கு சுவிட்ச் இருந்திருக்க வேண்டும். நானோ யாரோ சுவிட்ச் செட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, சாவி ஒன்றுதான் கொடுத்தார்கள். "இன்னொண்ணு தொலஞ்சுபோச்சுண்ணே" என்றார் கடைக்காரர். பின்பக்க கேரியரில் வெல்டிங்குக்குப் பக்கத்தில் இரண்டு துளைகள் வேறு. அதையும் பார்த்தேன், எதற்கென்று யோசிக்கவில்லை.

அந்தத் துளைகள் எதற்கென்று ஸ்டேஷனில்தான் தெரிந்தது. கரூர் பக்கத்திலிருந்து உரிமையாளரை வரவழைத்திருந்தார்கள். வயதானவர், வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். நம்பரை எல்லாம் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் கேரியரைத் தடவினார். "கேன் மாட்ட கொக்கி போட்டிருந்தேங்க, இந்த ரெண்டு ஓட்டை நான் போட்டது" என்றார். மாப்பிள்ளைக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. இரண்டு பேரும் அந்த வண்டியின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, இன்ஜின் ஆயில் எப்போது மாற்றியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு தடய அறிவியல் ஆய்வில் அமிலம் ஊற்றிப் பார்த்ததில் பழைய சேஸிஸ் நம்பரும் மேலே வந்துவிட்டது. நம்பர் குத்தும்போது இரும்பு அடியாழம் வரை நெரிபடுகிறது. மேலே தேய்த்தாலும் கீழே அந்த அழுத்தம் அப்படியே இருக்கும்.

வண்டி அவருடையதுதான். அதில் எங்களுக்கு வழக்கே இல்லை. தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் விற்றால், வாங்கியவனுக்கும் அது சொந்தமாகாது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பத்துக் கை மாறினாலும், பத்தாவது ஆள் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், பொருள் முதல் உரிமையாளருக்கே. அவர் இன்சூரன்ஸில் திருட்டுக்கான பணம் வாங்கியிருந்தால் கம்பெனி வந்து கேட்கும். நாங்கள் விற்றவனைத்தான் கேட்க வேண்டும். விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று விற்பவன் வாக்குக் கொடுத்ததாகவே 14-ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஆகவே முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். கேட்டோம். கன்சல்டிங்காரர், "நான் நடுவுல இருக்குற புரோக்கர்தான், ஆர்.சி.ல இருக்குறவரைப் போய்க் கேளுங்க" என்றார். ஆர்.சி.யில் இருந்தவர், இரண்டாயிரம் ரூபாய்க்கு இரும்பாக விற்றவர். அவருக்கு எதுவும் தெரியாது, அவரிடம் எதுவும் இல்லை.

குற்றம் என்ற பக்கத்துக்கு வருகிறேன். திருட்டுப் பொருள் கையில் இருப்பது மட்டுமே குற்றம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 411, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 317(2), இரண்டிலும் வார்த்தை ஒன்றுதான்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்று வாங்கியிருக்க வேண்டும், அல்லது வைத்திருக்க வேண்டும். தண்டனை மூன்று வருடம் வரை. அந்தத் தெரிதலை அரசு தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் திரிம்பக் வழக்கில் சொன்னது, 2022-இல் சிவகுமார் வழக்கிலும் சொன்னது. திருட்டு நடந்த சூட்டோடு பொருள் ஒருவன் கையில் இருந்து, எப்படி வந்தது என்று அவனால் சொல்ல முடியாவிட்டால், அவனே திருடன் அல்லது தெரிந்து வாங்கியவன் என்று கோர்ட்டு ஊகிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 114-ஆவது பிரிவில் இருந்தது, புதியதில் 119-இல் இருக்கிறது. எப்படி வந்தது என்று சொல்ல மாப்பிள்ளையிடம் ஜி-பே ரசீது முதல் உங்கள் முத்திரை வரை இருந்தது. அதனால் கடைசியில் அவரைச் சாட்சியாகச் சேர்த்தார்கள்.

தெரியாமல் வாங்கினேன் என்று சொல்கிற எல்லோரும் தெரியாமல் வாங்கியவர்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. என் பட்டறைக்கே வருவார்கள். "பேப்பர் இல்ல, எட்டாயிரம்தான், லாக் செட் மட்டும் மாத்திக் கொடுங்கண்ணே" என்பார்கள். அறுபதாயிரம் பெறும் வண்டியை எட்டாயிரத்துக்கு வாங்குகிறவனுக்கு நம்பக் காரணம் இல்லையா என்ன? அவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். அவர்கள் மேல் 317 போட்டால் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் பிடிபட்ட கும்பலிடம் வண்டி வாங்கியவர்கள் பட்டியலில் இன்னொரு பையன் இருந்தான். இருபத்தோரு வயது, கொத்தனாருக்குக் கையாள். நாங்கள் கொடுத்த அளவுக்கே பணம் கொடுத்திருக்கிறான். ஆனால் பேர் மாற்றவில்லை. ஓப்பன் பேப்பர் என்பார்களே, விற்றவர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களைப் பூர்த்தி செய்யாமலே வண்டிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். பணம் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். சட்டப்படி வாங்கியவர் 30 நாளில் மாற்றியிருக்க வேண்டும், தவறுதான். அதற்கு அபராதம் இருக்கிறது. அவனுக்குக் கிடைத்தது அபராதம் இல்லை. அவனை வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனாக, சேர்த்துவிட்டார்கள். ஜாமீனுக்குக் கோர்ட்டு ஏற வேண்டிய பிரிவு அது. ஏழு வருடத்துக்குட்பட்ட தண்டனைக் குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யாதீர்கள், அறிவிப்புக் கொடுத்து அழையுங்கள் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அவன் விஷயத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவனும் என் மாப்பிள்ளையும் ஒரே ஆட்களிடம் ஒரே மாதிரி ஏமாந்தவர்கள். கையில் இருந்த காகிதம் மட்டும்தான் வேறு.

காவல் துறைத் தலைமை இயக்குநர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். வாங்கியவர் பட்டியலில் ஒரு பெயர் வந்தால், கதவைத் தட்டும் முன் என்ன விலை கொடுத்தார், எப்படிக் கொடுத்தார், யார் மூலம் வாங்கினார் என்று ஒரு அறிவிப்பில் கேளுங்கள். பதில் சொல்லி வண்டியையும் ஒப்படைக்க முன்வருகிறவரை ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார வைக்காதீர்கள். மில்லில் இன்றைக்கும் மாப்பிள்ளையை "திருட்டு வண்டி" என்று கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயர் அந்த இரண்டு நாளில் வந்தது. பறிமுதல் பட்டியலின் நகலை அந்த இடத்திலேயே கொடுங்கள்.

அப்புறம் பணம். உங்கள் ஆட்கள் ரெக்கவரி என்று வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நல்லதுதான், பால்காரருக்கு அதனால்தான் வண்டி கிடைத்தது. ஆனால் விற்றவனிடம் போன எங்கள் பணத்தைப் பற்றிக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரி இல்லை. குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 499-ஆவது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 453, தெரியாமல் வாங்கியவருக்காகவே இருக்கிறது. கைதின்போது குற்றவாளியிடமிருந்து எடுத்த பணத்திலிருந்து, அவன் தண்டிக்கப்பட்டு வண்டியும் உரிமையாளரிடம் போன பிறகு, வாங்கியவர் கொடுத்த விலையைத் தர கோர்ட்டு உத்தரவிடலாம். எங்கள் வக்கீல் இதைச் சொன்னபோது நானே நம்பவில்லை. கைதின்போது பணத்தை எடுத்து ஆவணத்தில் காட்டினால்தானே அது பிறகு கோர்ட்டில் பேசும்? வண்டியைத் தேடுகிற அளவுக்கு அதையும் தேடச் சொல்லுங்கள். அடகுக் கடைக்காரர்கள் திருட்டு நகை விஷயத்தில் காலம் காலமாகப் புலம்புவதும் கிட்டத்தட்ட இதேதான். அவர்களுக்கு எடை போடத் தெரியும், விசாரிக்க வசதியும் உண்டு, அவர்கள் கதையை அவர்களே எழுதட்டும்.

இன்னொன்றையும் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஸ்பிளெண்டர் இதை எழுதும் வரை ஸ்டேஷன் பின்புறம் நிற்கிறது. சீட்டு கிழிந்து ஸ்பாஞ்சு வெளியே வந்துவிட்டது, டேங்க் மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. பால்காரர் இரண்டு முறை கரூரிலிருந்து வந்து திரும்பிப் போனார். எங்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது: பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு மக்க விடாதீர்கள், புகைப்படம் எடுத்து, உத்தரவாதம் வாங்கி, உரியவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று. அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவிலும் பொருளின் விவரப் பட்டியலை 14 நாளில் கோர்ட்டு தயாரித்து, அதற்குப் பின் 30 நாளில் உத்தரவு போட வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு பேர் பணமும் போய், வண்டியும் யாருக்கும் உதவாமல் நிற்பதைத் தினமும் அந்த வழியாகப் போகும்போது பார்க்கிறேன். கார்புரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாமா என்று கை துறுதுறுக்கும். கேஸ் புராப்பர்ட்டி, தொடக் கூடாது.

போக்குவரத்து ஆணையர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. பேர் மாற்ற வரும் வண்டியை ஒருவர் வந்து பார்க்கட்டும். ஐந்து நிமிடம் போதும். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் பெயிண்ட் புதிதாக இருக்கிறதா, எழுத்து ஒரே ஆழத்தில் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். சேஸிஸ் நம்பரின் 17 எழுத்தில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. அவசரத்தில் குத்துகிறவன் ஒன்றுக்கு ஐ குத்திவிடுவதுண்டு. பென்சில் தேய்த்து ஒரு அச்சு எடுத்து கோப்பில் வையுங்கள். ஆர்.சி.யில் சொல்லும் வருடத்துக்கும் வண்டிக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் தவறவிட்ட சுவிட்சை உங்கள் மோட்டார் வாகன ஆய்வாளர் தவறவிட மாட்டார், அவர் படித்தவர்.

55-ஆவது பிரிவுக்கும் உயிர் கொடுங்கள். வண்டி முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும் அன்றைக்கே அதன் பதிவு முடங்கட்டும். இரும்புக் கடைக்காரர் ஆர்.சி.யோடு வண்டி வாங்கினால் ஏன் என்று கேளுங்கள். பழைய வண்டி விற்பவர்கள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், கைக்கு வரும் வண்டிகளை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. நாங்கள் வண்டி வாங்கி மூன்று மாதம் கூட ஆகாத நேரம். அந்த விதிப்படி, தன்னிடம் வந்த வண்டிக்கு வியாபாரிதான் பொறுப்பு, "நான் புரோக்கர்தான்" என்ற பேச்சு செல்லாது. எங்கள் பக்கத்தில் நான் போய்வரும் கடைகளில் விநாயகர் படம் மாட்டியிருக்கிறது, திருஷ்டிப் பூசணி தொங்குகிறது. அந்தச் சான்றிதழை மட்டும் இன்னும் ஒரு சுவரிலும் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம், இதற்காவது உடனே பதில் வேண்டும். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. அதில் குத்திய நம்பர் பொய் என்று ஆய்வகமே சொல்லிவிட்டது. ஆனால் வாகன் என்ற உங்கள் கணினிப் பதிவேட்டில் அந்த நம்பர் இன்றைக்கும் மாப்பிள்ளை பெயரில்தான் இருக்கிறது. ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தால், வழக்கு முடியட்டும் என்கிறார்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நம்பரை அந்தக் கும்பல் வேறொரு வண்டியிலும் மாட்டி விற்றிருந்தால், அது எங்காவது யார் மேலாவது ஏறினால், சம்மன் எங்கள் வீட்டுக்கு வரும். போன வாரம் இன்சூரன்ஸ் முடியப்போகிறது, புதுப்பியுங்கள் என்று அவர் போனுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. "மச்சான், கட்டணுமா வேண்டாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், கட்டட்டுமா?

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
திண்டுக்கல் மாவட்டம்